உயிரோடு இருப்பவளின் முடி

தம்பி,

நீ அனுப்பிய கூரியர் போன வாரமே வந்துவிட்டது. நேற்று போனில் நீ கேட்டபோது, "இன்னும் வரலைப்பா" என்று சொன்னேன். அது பொய். வந்த அன்றே பிரித்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் சீப்பிலிருந்து எடுத்துச் சுருட்டிய கொஞ்சம் முடி, ஒரு கறுப்புக் கொண்டை ஊசி, கூடவே உன் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு. 'அம்மா, இதை வைத்து எனக்கு ஒரு மோதிரம் செய்து கொடு. கயலுக்குத் தெரிய வேண்டாம்' என்று எழுதியிருந்தாய். பெண்டாட்டிக்குத் தெரிய வேண்டாம் என்ற அந்தக் கடைசி வரியைப் படித்ததும் யாரோ ஈரக் கையை என் முதுகில் வைத்ததுபோல் இருந்தது. அந்த உறையை வேலை மேசையில் வைக்க மனம் வரவில்லை, குப்பையில் போடவும் கை வரவில்லை. மாடி அறைக்கு வெளியே, செருப்பு விடும் இடத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். உன் அப்பா பார்த்துவிட்டு, "பிள்ளை அனுப்புனத ஏன் வெளிய போட்டிருக்க?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத்தான் உனக்கு இப்போது எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். எழுதினால் கடைசிவரை படிப்பாய் என்று ஒரு நம்பிக்கை.

நான் செய்யும் வேலையை நீ சரியாகப் பார்த்ததே இல்லை. ஊருக்கு வரும்போது மாடி ஏறி எட்டிப் பார்த்து, "என்னம்மா இந்த வாடை" என்று மூக்கைச் சுளித்துவிட்டு இறங்கிவிடுவாய். அதனால் கொஞ்சம் சொல்கிறேன். ரெசின் என்பது தண்ணீரைப் போலத் தெளிவாக இருக்கும் ஒரு பசை. அதையும், அதை இறுக வைக்கிற ஹார்டனரையும் தராசில் நிறுத்துக் கலந்து அச்சில் ஊற்றி, நடுவில் ஒரு பொருளை வைத்துவிட்டால் ஒரு நாளில் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். பிறகு அதை வெள்ளியில் பதித்து டாலராகவோ மோதிரமாகவோ கம்மலாகவோ ஆக்கிக் கொடுப்பேன். ஆட்கள் என்னென்னவோ கொண்டுவருகிறார்கள். மொட்டை போடுவதற்கு முன்னால் வெட்டி எடுத்த பிள்ளையின் முடி, உலர்ந்த தொப்புள்கொடி, தாய்ப்பால், இறந்துபோன அம்மாவின் சேலை முந்தியில் ஒரு துண்டு, கல்யாண மாலையிலிருந்து ஒரு ரோஜா. கம்பம் ஊரிலிருந்து வந்த ஒருவர் செத்துப்போன தன் நாயின் வால் முடியைக் கொண்டுவந்து, சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் தேம்பினார். குமுளியிலிருந்து வந்த ஒரு சேச்சி, தன் தோட்டத்து ஏலக்காயைப் பச்சையாக அப்படியே வைத்துக் கம்மல் கேட்டார். துபாயில் இருக்கும் மகள் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவாளாம்.

இந்த வேலையில் எனக்குக் கிடைக்கும் சந்தோஷங்கள் சின்னவை. சமையல் முடிந்ததும் டீ தம்ளரோடு மாடி ஏறுவேன். கிழக்கு ஜன்னலில் வெயில் அதற்குள் மேசையைத் தொட்டிருக்கும். ரெசினை ஒரே பக்கமாக, அவசரமில்லாமல் கலக்க வேண்டும். வேகமாகக் கலக்கினால் குமிழ் விழும். அந்த நேரம் மனசும் தானாக நிதானத்துக்கு வந்துவிடும். மறுநாள் ரப்பர் அச்சை விரலால் மடக்கினால் உள்ளிருக்கும் துண்டு 'டப்' என்று விடுபடும். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் நான் காலையில் எழுந்திருக்கிறேன் என்று உன் அப்பா கேலி செய்வார். அதற்குப் பிறகு உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் வேலை. முதலில் புகை படிந்ததுபோல் மங்கிப்போகும். தேய்க்கத் தேய்க்க, உள்ளே இருக்கும் பூ மெல்லத் தெரியவரும். ஆனால் ஒன்று, உள்ளே போன எதுவும் அதன்பிறகு வாடாது, வளராது, மணக்காது. காற்றே எட்டாத இடத்தில் அப்படியே நிற்கும். இறந்ததற்கும் உதிர்ந்ததற்கும் அது பொருத்தமான இடம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

போன வருஷம் ஆடிக்காற்று தொடங்கிய சமயத்தில் அவர் வந்தார். மேற்கே மலை முழுக்க மேகத்துக்குள் போயிருந்தது. சாரல் தூவிக்கொண்டே இருந்தது. எதிர்வீட்டுத் தென்னையின் மட்டை சுவரில் உராயும் சத்தம் பகலெல்லாம் கேட்டது. தெய்வேந்திரன் என்று பெயர் சொன்னார். முப்பத்தைந்து வயது இருக்கும். சின்னமனூரில் ஒரு உரக்கடையில் வேலை. வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, அதிராத பேச்சு. நான் "உக்காருங்க" என்று சொல்லும்வரை நின்றுகொண்டே இருந்தார். உட்கார்ந்ததும் துணிப்பையிலிருந்து ஒரு சடையை எடுத்து மேசையில் வைத்தார். முழங்கை நீளத்துக்கு இருந்தது. நுனியில் கட்டிய சிவப்பு ரிப்பனைக்கூட அவிழ்க்கவில்லை.

"எங்க வீட்டுல..." என்று ஆரம்பித்தவர் அந்த ரிப்பனைத் தடவினார். "அவ போயிட்டாம்மா."

நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் யாருக்கும் வேறு அர்த்தம் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை. பேச்சுச் சத்தம் கேட்டு மேலே வந்த உன் அப்பா, "அடடா, சின்ன வயசா இருப்பாகளேப்பா" என்று அவர் தோளில் கை வைத்தார். அவர் தலையை மட்டும் ஆட்டினார். துக்கத்தில் இருப்பவரைத் தோண்டிக் கேட்கக் கூடாது என்று நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நெஞ்சில் படுகிற மாதிரி ஒரு டாலர் செய்து தரச் சொன்னார். பெயர் ஜோதி என்றார். "பின்னால பேரு போடணுமா?" என்று கேட்டதற்கு, "வேணாம்மா. அவளே இருக்கும்போது பேரு எதுக்கு?" என்றார்.

அந்த டாலர் இறுகவே இல்லை. சாரல் காலத்தில் காற்றில் ஈரம் இருந்தால் அப்படி ஆவது உண்டு. முடியில் எண்ணெய் இருந்தாலும் ஆகும். அதனால் முடியை நன்றாக அலசி உலர்த்தி, ஹீட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி ஊற்றினேன். மறுநாள் தொட்டுப் பார்த்தால் வியர்த்த தோலைத் தொட்டதுபோல் பிசுபிசுத்தது. மூன்றாவது தடவைதான் இறுகியது. தேய்த்து மெருகேற்றித் துணியில் சுற்றி வைத்தேன். மறுநாள் எடுத்தால் ஒரே ஒரு முடி நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை வெட்டி, மறுபடி தேய்த்தேன். அதற்கடுத்த நாள் வேறொரு இடத்தில் இன்னொரு நுனி. முடிக்கு ஒரு விறைப்பு உண்டு, மடக்கி வைத்தால் நிமிரப் பார்க்கும், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வாங்க வந்த அன்று அவர் டாலரை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு கன்னத்தில் ஒற்றிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு டாக்டரிடம் கேட்பதுபோல் என்னிடம் கேட்டார், "உள்ள வெக்கையா இருக்குமோம்மா அவளுக்கு?"

"அதெல்லாம் இருக்காதுப்பா" என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? அவர் நிம்மதியாகச் சிரித்துவிட்டுப் படியிறங்கினார்.

அதற்குப் பிறகு அடிக்கடி வரத் தொடங்கினார். வரும்போதெல்லாம் ஒரு பை திராட்சை கொண்டுவருவார். அந்தச் சடையிலிருந்து ஒரு மோதிரம் செய்துகொண்டார். பிறகு சட்டைப் பொத்தான்கள். பிறகு வண்டிச் சாவிக்கு ஒரு வளையம். ஒவ்வொன்றையும் கையில் வாங்கியதும் அதனிடம் தணிந்த குரலில் ஏதாவது பேசுவார். "பசிக்குதா?" என்று ஒருநாள் கேட்டார். இன்னொரு நாள், "இங்கன பாரு, நேத்து சொன்னேன்ல, இந்த அம்மாதான்" என்று பொத்தானுக்கு என்னை அறிமுகம் செய்துவைத்தார். ஆனாலும் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர், போகப்போகச் சரியாகிவிடுவார் என்று விட்டுவிட்டேன். உன் அப்பாகூட, "எவ்வளவு பாசமா இருந்திருக்கான் பாரு" என்றார்.

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு முற்பகலில் அவர் வேறு மாதிரி முடியைக் கொண்டுவந்தார். சடை தீர்ந்துபோயிருந்தது. இது சீப்பில் சேர்ந்த முடியை விரலில் சுற்றி எடுத்த சுருள். எப்போதோ எடுத்து வைத்தது போல என்று நினைத்துக்கொண்டேன். அவர் போன பிறகு விளக்கடியில் வைத்து ஊசியால் சிக்கெடுத்தேன். செம்பருத்தி போட்டுக் காய்ச்சிய எண்ணெயின் வாசனை வந்தது. சுருளுக்கு நடுவில் ஒரு மல்லிகை இதழ் இருந்தது. வெள்ளையாக இருந்தது, தம்பி. ஓரம்கூடப் பழுக்கவில்லை. மாலைப் பூக்களை உலர்த்தி உலர்த்தி மல்லிகையோடு நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. மறுநாளே பழுத்துவிடுகிற பூ அது. முடியை வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்தேன். இழைகள் செம்பட்டையாக மின்னின. மருதாணி. அந்தச் சடையில் ஒரு இழையில்கூட மருதாணி இருந்ததில்லை.

இறந்துபோனவள் எப்படி மருதாணி வைத்துக்கொண்டாள் என்று நினைத்தபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. மழை விட்டிருந்ததுகூடத் தெரியவில்லை. உன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"வேற எவளாவது முடியா இருக்கும். விடு."

"அதே முடிதாங்க. நுனியில ஒரு வளைவு இருக்கும். இத்தனை நாளா இத எத்தனை தடவை மடக்கியிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

அவர் சுருளை மெல்லக் கீழே வைத்தார். வைத்த கையை லுங்கியில் அழுத்தித் துடைத்துக்கொண்டார். "இனிமே அந்த ஆளப் படியேத்தாத" என்றார்.

ஆனால் அடுத்து அவர் வந்தபோது உன் அப்பா கடைக்குப் போயிருந்தார். சொல்லாமல் கொள்ளாமல் வந்தவர், பையிலிருந்து ஒரு கண்ணாடி வளையலை எடுத்தார். பச்சை வளையல், பெண்களுடையது. "இந்த அளவுக்கு ஒரு வளையல் வேணும்மா. அளவு பிசகக் கூடாது. வந்ததும் அவ போடணும்" என்றார். வளையலை வாங்கி மேசையில் வைத்துவிட்டுக் கேட்டேன்.

"தம்பி, வீட்டுல எப்பப் போனாக?"

"தை கழிஞ்சும்மா."

"என்ன நோவு அவுகளுக்கு?"

நான் கேட்டது புரியாததுபோல் பார்த்தார். "நோவெல்லாம் ஒண்ணும் இல்லையே. பையத் தூக்கிக்கிட்டு அவுக அம்மா வீட்டுக்குப் போயிட்டா. அனுமந்தன்பட்டிக்கு."

வெளியே தெருவில் ஒரு பால்வண்டி போகும் சத்தம் கேட்டது. "அப்ப இந்த முடி?" என்று ஒருவழியாகக் கேட்டேன்.

"சவுரி முடி வாங்க ஒருத்தர் தெருத்தெருவா வருவாருல்ல, முடிக்கு ஊக்கு, வாளியெல்லாம் குடுத்துக்கிட்டு? அவர்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன். அவ வீட்டுல போடுறத மட்டும் தனியா எடுத்து வச்சிருவாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவளுக்குத் தெரியாது" என்றார். ஒரு பிறந்தநாள் பரிசை மறைத்து வைத்திருப்பவரின் சிரிப்பு அது. பிறகு சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக் காட்டினார். நான் செய்துகொடுத்த எல்லாவற்றையும் ஒரு கறுப்புக் கயிற்றில் கோத்து நெஞ்சில் போட்டிருந்தார். "முக்காவாசி வந்துட்டா. இன்னும் கொஞ்சந்தான்."

"எதுக்குப்பா இன்னும் கொஞ்சம்?"

"முழுசா வர்றதுக்கு."

அடுத்த வெள்ளிக்கிழமை வரச் சொல்லி அனுப்பினேன். அவரைப் படியிறக்கிவிட வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. உன் அப்பா வந்ததும் நடந்ததைச் சொன்னேன். மறுநாள் காலையில் இருவரும் ஸ்கூட்டரில் அனுமந்தன்பட்டிக்குப் போனோம்.

திராட்சைத் தோட்டத்து ஓரத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் விசாரித்தோம். "சின்னமனூர்ல கட்டிக்குடுத்துத் திரும்பி வந்த பிள்ளையா? அந்தா, தையல் மிஷின் சத்தம் கேக்குதுல்ல, அங்கனதான்" என்று கை காட்டினார். வாசலில் நின்று பார்த்தேன். வாசலுக்கு முதுகைக் காட்டியபடி ஒரு பெண் தைத்துக்கொண்டிருந்தாள். கழுத்தளவு முடி. செம்பட்டை. நுனியில் அந்த வளைவு. இழை இழையாக நான் பிரித்த முடி அது. உயிருள்ள ஒரு கழுத்தின் மேல் அது அசைவதைப் பார்த்ததும் என் கால் வாசலிலேயே நின்றுவிட்டது. அவள் திரும்பி, "ரவிக்கையாம்மா?" என்று கேட்டாள். நான் அழுதுவிட்டேன். ஏன் என்று அவளுக்கு எப்படித் தெரியும், பாவம். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இடையில் குறுக்கிடவே இல்லை. கையிலிருந்த துணியை மட்டும் மடித்து மடித்து, மேலும் மடிக்க முடியாத சின்னக் கட்டாக ஆக்கிவிட்டாள். பிறகு அவள் பேசினாள்.

"அவரு அடிக்க மாட்டாரும்மா. ஒரு வார்த்தை திட்ட மாட்டாரு. பாத்துக்கிட்டே இருப்பாரு. சமைச்சா பாப்பாரு, துவைச்சா பாப்பாரு. நான் வெட்டிப்போட்ட நகத்த ஒரு டப்பாவுல போட்டு வச்சிருந்தாரு. கல்யாணத்தன்னைக்கு எப்படி இருந்தேனோ அப்படியே இருக்கணும்பாரு. கொஞ்சம் சதை போட்டேன்னு அழுதாரும்மா. ஒருநாள் விடியக்காலை எந்திரிச்சா தலை லேசா இருந்துச்சு. தொட்டுப் பாத்தேன், சடை இல்ல. அவரு அத மடியில வச்சுக்கிட்டுத் தடவிக்கிட்டு இருந்தாரு. 'இனி இது நரைக்காது ஜோதி'ன்னாரு. அன்னைக்குத்தான் கிளம்புனேன்."

"வீட்டுல சொன்னியாத்தா?"

"சொன்னேன். முடிதான, வளந்துரும்னாக. குடிக்காத, அடிக்காத மனுசன விட்டுட்டு வந்துட்டான்னு இன்னைக்கு வரைக்கும் பேசுறாக." கழுத்து முடியைத் தடவிக்கொண்டாள். "கொஞ்ச நாளாவே தலையில யாரோ கைய வச்சிருக்கிற மாதிரியே இருக்கும்மா. திரும்பிப் பாத்தா யாரும் இருக்க மாட்டாக. எனக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருச்சோன்னு பயந்துபோய்க் கிடந்தேன்."

நாங்கள் போலீசுக்குப் போகலாம் என்றோம். போகத்தான் வேண்டும், அதற்கு முன்னால் தனக்கு ஒரு வேலை இருக்கிறது என்றாள். "மொதல்ல இந்த முடிய வீரபாண்டியில மாரியாத்தாளுக்குக் குடுத்துட்டு வர்றேன். அவருக்கு இனி ஒரு இழை மிஞ்சக் கூடாது. அப்புறம் வெள்ளிக்கிழமை உங்க வீட்டுக்கு வர்றேன். அவரு மூஞ்சியப் பாத்து நானே சொல்லணும், நான் இருக்கேன்னு." உன் அப்பா மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். அவளுடைய அண்ணனும் கூட வர வேண்டும் என்றார். அவள் ஒப்புக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அவள் மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, மஞ்சள் சேலையில் என் வேலை மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அண்ணனும் உன் அப்பாவும் கீழே முன்னறையில் இருந்தார்கள். படியில் காலடி கேட்டதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் வழக்கம்போல் திராட்சைப் பையோடு வந்து நின்றார். அவளைப் பார்த்தார். கத்துவாரா, காலில் விழுவாரா, கையை ஓங்குவாரா என்று எல்லாவற்றுக்கும் நான் தயாராக இருந்தேன். அவர் செய்ததற்கு மட்டும் தயாராக இல்லை.

அவர் அவளைக் கும்பிட்டார். முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்குச் சொல்கிற மரியாதையான வணக்கம். பிறகு என்னிடம், "விருந்தாளியா? நான் வேணா அப்புறம் வரவாம்மா?" என்று கேட்டார்.

"தெய்வேந்திரா," என்று அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அப்படி அவள் அதற்கு முன்னால் கூப்பிட்டிருக்கவே மாட்டாள். "நான்தான். ஜோதி."

அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். நெற்றி, கண், மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். நம்பாத பார்வைகூட இல்லை அது. தேடிப் பார்த்துவிட்டு, கடையில் அந்தச் சாமான் இல்லை என்று சொல்கிற பார்வை. இரக்கத்தோடு சிரித்தார். "இல்லம்மா. உங்களுக்கு ஆள் மாறிப்போச்சு. அவ இங்கன இருக்கா" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். ஒரு அடி முன்னால் வந்து, "கொஞ்சம் தள்ளி உக்காருறீகளா? ஜன்னல மறைக்கிறீக. அவளுக்கு வெளிச்சம் வேணும்" என்றார்.

அவள் தள்ளி உட்காரவில்லை. எழுந்து நின்றாள். அவருக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டடி தூரம்கூட இருக்காது. அவர் நெஞ்சில் தொங்கிய கயிற்றை அவள் பார்த்தாள், அவர் டாலரைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த அறையில் நாங்கள் மூன்று பேர். ஆனால் அவர் மட்டும் நாலாவதாக ஒருத்தியோடு இருந்தார். நான் வளையல் செய்யவில்லை என்றும் இனி எதுவும் செய்ய மாட்டேன் என்றும் சொன்னேன். பச்சை வளையலைத் திருப்பிக் கொடுக்கப்போனேன். ஜோதி கையை நீட்டி, "அது என்னோடது" என்று வாங்கிக்கொண்டாள். அவர் வருத்தப்பட்டார், சண்டை போடவில்லை. "பரவாயில்லம்மா, இருக்கிறதே போதும்னு அவ சொல்றா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். கீழே நின்ற மச்சானுக்கும் அதே கும்பிடு போட்டாராம்.

ஜோதி மேல்படியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். பயத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மூணு வருசம் ஒரே வீட்டுல இருந்தேன்மா. என்னை அவரு ஒரு நாள்கூடப் பாத்ததே இல்லை, இல்ல?" என்றாள். அவள் அண்ணனோடு போய்ப் போலீசில் எழுதிக் கொடுத்தாள். தெய்வேந்திரனின் தம்பி வந்து அவரை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். இப்போது மாத்திரையில் இருக்கிறார், கடைக்குப் போய் வருகிறார் என்று கேள்வி. கயிற்றை மட்டும் கழற்ற மறுக்கிறாராம். ஜோதி விவாகரத்துக்கு மனுப் போட்டிருக்கிறாள். தையலுக்கு இன்னொரு மிஷின்கூட வாங்கியிருக்கிறாள். போன மாதம் பார்த்தேன், சுருட்டைச் சுருட்டையாகப் புது முடி வந்திருக்கிறது. அந்த வளைவு இல்லை. வேறு முடி அது.

இப்போது உன் விஷயம். நீ தெய்வேந்திரன் இல்லை. அது எனக்குத் தெரியும், என் வயிற்றில் பிறந்த பிள்ளை நீ. கத்தரியை எடுக்கிறவன் இல்லை. கயல் வடுகபட்டிக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போனதில் இருந்து நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்பதும் தெரியும். ஆனால் உன் சீட்டைப் படித்த அன்று என் காதில் கேட்டது உன் குரல் இல்லை. 'அவளுக்குத் தெரியாது' என்று சிரித்த அந்தக் குரல். உயிரோடு இருக்கிறவளின் முடியை, அவளுக்குத் தெரியாமல், காற்றுப் புகாத இடத்தில் அடைக்கச் சொல்கிறாய். அதை ஆசையோடுதான் சொல்கிறாய். அவரும் ஆசையோடுதான் சொன்னார். நான் அதைச் செய்ய மாட்டேன். இனி உயிரோடு இருப்பவர்களுடைய எதையும், அவர்கள் வாயால் சரி என்று கேட்காமல் நான் தொடுவதில்லை.

அதனால் கயலுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள். "நானே வந்து வாங்கிக்கிறேன் அத்தை" என்றாள். புதன்கிழமை பஸ்ஸில் வந்தாள். உறையைப் பிரிக்கக்கூட இல்லை, கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். சாப்பிடச் சொன்னேன். சாப்பிட்டாள். உன்னைப் பற்றிக் குறையாக ஒரு சொல் சொல்லவில்லை. கிளம்பும்போது மட்டும் சொன்னாள், "கல்யாணமான புதுசுல மஞ்சள் கலர் பிடிக்கும்னு ஒரு தடவை சொன்னேன் அத்தை. அதுல இருந்து எல்லாம் மஞ்சளாவே வாங்குறாக. அப்புறம் எனக்கு எத்தனையோ பிடிச்சிச்சு, எத்தனையோ பிடிக்காமப் போச்சு. ஒரு தடவைகூடத் திருப்பிக் கேக்கல. நல்லவுகதான். ஆனா நான் சமையக்கட்டுல நிக்கும்போது, அவுக வேற யாருகூடயோ குடும்பம் நடத்துற மாதிரி இருக்கும்."

உனக்கு நான் புத்திமதி சொல்ல வரவில்லை. அவளைத் திரும்பக் கூட்டி வா என்றும் சொல்லவில்லை. அது அவள் முடிவு. ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் போனில் அவளுடைய படங்கள் நிறைய வைத்திருக்கிறாய். கொஞ்ச நாளைக்கு அதைத் திறக்காதே. உனக்குத் தெரிந்த கயல் என்று மனசில் ஒருத்தியை வைத்திருப்பாயே, அவளோடு பேசுவதையும் நிறுத்து. கஷ்டமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

உன்னோடு ஒரு தடவை உட்கார்ந்து பேச அவள் சம்மதித்திருக்கிறாள். நம் வீட்டில், வருகிற ஞாயிற்றுக்கிழமை, பத்து மணிக்கு மேல். நீ சனிக்கிழமையே வந்துவிடு. கையில் எதுவும் வாங்கி வராதே. அவள் இந்தச் சில மாதங்களில் மாறியிருக்கிறாள். என்ன மாற்றம் என்று நான் பார்த்தேன், உன்னிடம் சொல்லப்போவதில்லை. நானும் உன் அப்பாவும் கொல்லைப்பக்கம் இருப்போம். வாசல் மணி அடித்தால் எழுந்து வர மாட்டோம். கதவை நீதான் திறக்க வேண்டும். திறந்ததும் பேச ஆரம்பித்துவிடாதே தம்பி. வாசலில் நிற்பது யார் என்று முதலில் பார்.

அம்மா